கூகைக்கரடு நெருங்கி வந்த ஆண்டு

கூகைக்கரடு ஊரை நோக்கி வரத் தொடங்கியதை முதலில் கண்டுகொண்டவை ஆடுகள். காலையில் பட்டியை விட்டுக் கிளம்பினால் கரட்டடிக்குப் போய்ச் சேர்வதற்குள் நாக்குத் தொங்கிவிடும் என்று பழகிப்போயிருந்த அந்த ஆடுகள், கார்த்திகை பிறந்த புதிதில் ஒரு நாள், மூச்சு வாங்குவதற்கு முன்பே கரட்டின் முதல் பாறை எதிரே நிற்பதைக் கண்டு, மேயாமல் நின்று, மேய்ப்பவரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தன. எங்கள் ஈச்சம்பட்டியிலிருந்து கரடு, அந்தப் பாறைக் குன்று, ஒன்றரை மைல். எங்கள் அப்பன்மார் விறகுக்கு நடந்த காலத்திலும் ஒன்றரை மைல்தான், சர்வேக்காரர்கள் சங்கிலி போட்டு இழுத்தபோதும் ஒன்றரை மைல்தான். அன்றைக்கு அது ஒரு மைலும் சொச்சமுமாக இருந்தது.

கரடு வந்ததைச் சொல்ல வேண்டுமானால் ஒரு கேமரா வாங்கியதையும் சொல்ல வேண்டும். கேமராவைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஈச்சம்பட்டியில் தாலி கட்டி முடிந்ததும் மணமக்களை மேற்குத் தெரு முனையில் கிடக்கிற தட்டைக்கல்லில் ஏற்றி நிறுத்தி, அவர்கள் முதுகுக்குப் பின்னால் கூகைக்கரடு முழுசாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுப்பார்கள். கரடுதான் சாட்சி. கரடு விழாத படத்தை யாரும் வீட்டில் மாட்டுவதில்லை. கரடு விழுந்த படத்தைச் சுவரிலிருந்து இறக்குவதுமில்லை, கிழிப்பதுமில்லை. புருஷனும் பெண்சாதியும் போய்ச் சேர்ந்த பிறகும் அது அங்கேயே இருக்கும், சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் அதைச் சுற்றித்தான் அடிப்பார்கள். தாயை எந்த லென்சு பார்த்ததோ அந்த லென்சுதான் மகளையும் பார்க்க வேண்டும் என்பதும் வழக்கம்.

அந்த லென்சு பொற்கலையிடம் இருந்தது. பஸ் நிறுத்தத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் படம் எடுத்துப் பிழைக்கிறவள், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள், எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவள். லென்சு கறுப்பு இரும்பில் நீளமாக, உரித்த தேங்காய் எடைக்கு இருக்கும். அதன் வளையத்தில் அடிக்கணக்கு வெட்டியிருக்கும். ஐந்து, பத்து, முப்பது, நூறு என்று போய்க் கடைசியில் ஓர் எட்டு படுத்துக் கிடக்கும். கண்ணுக்கு எட்டிய தூரத்துக்கெல்லாம் அந்தப் படுத்த எட்டுதான் என்று அவள் சொல்லுவாள். கரட்டைப் பிடிக்க வளையத்தை அதில்தான் நிறுத்துவாள்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பு அவளுடைய பழைய ஃபிலிம் கேமராவின் ஷட்டர் மூடிக்கொண்டு திறக்கவில்லை. லென்சு மட்டும் கண்ணாடி கலங்காமல் இருந்தது. அதைப் பூட்டுகிற மாதிரி, கையில் இருக்கிற பணத்துக்குள், ஒரு டிஜிட்டல் கேமரா பார்க்க வேண்டும் என்று அவள் மதுரைக்குக் கிளம்பினாள். பேரம் பேச வாய் வராது என்பதால் அக்காள் காசியம்மாளைக் கூட்டிக்கொண்டாள். காசியம்மாளுக்குக் கரட்டுக்கும் ஊருக்கும் நடுவில் தோட்டத்து வீடு. புருஷன் ஒச்சப்பன் தென்னை ஏறுகிறவர். ஒரே மகள் நாகஜோதிக்கு ஐப்பசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய கேமராக் கடையில் கமாலுதீன் பாய் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டுக்கும் ஒரே விலை. ஒன்று பெரியது, கனமானது, பிடிக்க வாகாக ரப்பர் ஒட்டியது. மற்றது சின்னது, திரையில் கீறல் விழுந்தது.

"உங்க லென்சு ரெண்டுலயும் நிக்கும் தங்கச்சி. நடுவுல ஒரு வளையம் மட்டும் போடணும்."

காசியம்மாள் சின்னதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள், காதோரம் வைத்து ஆட்டினாள், விரலை மடக்கித் தட்டினாள்.

"ஏ பொற்கல, இது என்னடி பவுடர் டப்பா மாதிரி இருக்கு? இதத் தூக்கிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போனா ஒன்னயப் படம் எடுக்க வந்தவன்னா நெனப்பாக? பந்தி பாத்து வந்தவன்னு நெனப்பாக."

"சின்னதுல எடை கம்மிக்கா."

"எடை கம்மியா இருக்கப்போயிதான் சொல்றேன். பெருசைக் குடுங்க பாய். சட்டி வாங்கினாலும் கனமா வாங்கணும்."

பெரியதில் லென்சைப் பூட்டி, அங்கேயே, மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பாயின் முகத்தைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். தாடியில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. காசியம்மாள் ஒன்று இரண்டு என்று எண்ணவே தொடங்கிவிட்டாள். பொற்கலை தன் வழக்கப்படி இரண்டாம் தடவையும் எடுத்துச் சரிபார்த்தாள், அதுவும் பாயின் தாடியைத்தான். கடைக்குள் தூரம் என்று ஒன்று இல்லாததால் தூரத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பருவத்தில் ஈச்சம்பட்டியில் பதினொரு கல்யாணம். பதினொன்றிலும் மணமக்கள் செதுக்கினாற்போல் விழுந்தார்கள், கரடு புகைபோல் விழுந்தது. வளையத்தைப் படுத்த எட்டு வரை திருகி, அதற்குமேல் திருக முடியாமல் விரல் வலிக்கத் திருகிப் பார்த்தும் கரடு புகையாகவே இருந்தது. பனி என்று பொற்கலை முதலில் சொன்னாள். ஆவணியில் என்ன பனி என்று கேட்டதும் லென்சைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். படங்களை மாட்டினார்கள். மாட்டிய படங்களில் கரடு தானாகத் தெளியத் தொடங்கியது. வாரத்துக்கு வாரம், பாறைக்குப் பாறை, பால் தெளிகிற மாதிரி உச்சிக் கோயிலின் வேல்வரைக்கும் தெளிந்தது. நல்ல படம் நாளாக ஆகத் தெளியும் என்று பெண் வீட்டார் சந்தோஷப்பட்டார்கள். சுவரில் கரடு தெளியத் தெளிய வெளியில் கரடு நெருங்கி வந்துகொண்டிருந்தது என்பதை ஆடுகள் சொன்ன பிறகுதான் நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.

பார்த்தாலும் பயப்படவில்லை, அதைச் சொல்ல வேண்டும். விறகுக்குப் போகிறவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு சுமை கொண்டுவந்தார்கள். முழங்கால் வலிக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை பார்த்த உச்சிச் சாமியை வெள்ளிக்கிழமைதோறும் போய்ப் பார்த்தார்கள். மினிபஸ் கண்டக்டர் கரட்டு விலக்கு நிறுத்தத்தையும் ஊர் நிறுத்தத்தையும் சேர்த்து ஒன்றாக்கி, இரண்டு நிறுத்தத்துக்கும் சேர்த்தே டிக்கெட் கிழித்தார். சாயங்காலம் நாலரை மணிக்கே கரட்டின் நிழல் தெருவில் விழுந்ததால் கோழிகள் முன்னதாக அடைந்தன, பிள்ளைகள் முன்னதாகத் தூங்கின, சீரியல் தொடங்குகிறபோது ஊர் பாதி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. வருகிறவரை வாவென்று சொல்வது எங்கள் பழக்கம். கரடும் வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தோம்.

பிறகு, கரடு இவ்வளவு நெருங்கியும் நடுவில் இருந்த நிலம் எங்கே போனது என்று யாரோ கேட்டார்கள். அன்றைக்குத் தொடங்கியது பயம்.

நிலம் எங்கேயும் போகவில்லை. அங்கேயே ஒடுங்கிக் கிடந்தது. தென்னை வரிசைகள் எண்ணிக்கையில் குறையவில்லை. ஆனால் இருபது அடி இடைவெளி விட்டு நட்ட மரங்களுக்கு நடுவில் இப்போது ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய வேண்டியிருந்தது. வட்டக் கிணறு முதலில் நீள்வட்டமாகி, பிறகு இமை பாதி மூடிய கண்போல் ஆகி, குடம் இறங்காமல் போனது. வரப்பும் வயலும் மாறி மாறி ஓலைப்பாயின் கோடுகள் மாதிரி நெருங்கின. எல்லாம் கிழக்கு மேற்காகத்தான் ஒடுங்கின, தெற்கு வடக்காக ஒரு விரல்கூடக் குறையவில்லை. எதுவும் இடியவில்லை, எதிலும் விரிசல் விழவில்லை, சத்தமே இல்லை. செங்கல் மெலிந்தது, மரம் மெலிந்தது, மண் மெலிந்தது, மனிதர்களும் தட்டுமுட்டுச் சாமான்களும் மட்டும் மெலியவில்லை.

காசியம்மாளின் வீடு வடக்குப் பார்த்த வாசல். உள்ளே கட்டிலில் ஒச்சப்பன் கிடந்தார். மகள் கல்யாணம் முடிந்த மறுமாதம் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்து, அசைக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது, கட்டிலோடு தூக்கினால் ஒழியத் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கட்டிலைத் தூக்கலாம் என்று ஊர் திரண்டு போனபோது வாசல் கட்டிலைவிட ஒடுங்கியிருந்தது. கடப்பாரையால் சுவரை இடித்தார்கள். ஒடுங்கிய செங்கல் இரும்பாக இறுகிப்போயிருந்தது, கடப்பாரை வளைந்தது. ஆளை மட்டும் ஒருக்களித்து எடுக்கலாம் என்று இரண்டு பேர் கை கொடுத்தபோது அவர் போட்ட சத்தத்தில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அவருக்கு நினைவு தப்பியது. அதற்குப் பிறகு தொடவில்லை. காசியம்மாள் வாசல் வழியாகப் பக்கவாட்டில் நுழைந்து கஞ்சி கொடுத்துவிட்டுப் பக்கவாட்டில் வெளியே வந்தாள். கட்டிலின் இரண்டு பக்கமும் சுவர் தொட்டுக்கொண்டிருந்தது.

பொற்கலை கேமராவையும் ஒரு படத்தையும் எடுத்துக்கொண்டு மதுரைக்கு ஓடினாள். காசியம்மாளும் கூடப் போனாள். பாய் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, கேமராவைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பெரிய கேமராவுக்குள்ள ஒரு கண்ணாடி மேலயும் கீழயும் ஆடும் தங்கச்சி. அது ஆடுறதுக்கு எடம் வேணும்னு லென்சைக் கொஞ்சம் முன்னால தள்ளி உக்கார வச்சிருப்பான். உங்க லென்சு உள்ளாற உக்காந்து பழகினது. முன்னால தள்ளிட்டா அதுக்குப் பக்கத்துப் பார்வைதான். தூரம் தெரியாது."

"எம்புட்டுத் தூரம் தெரியும்?"

அவர் டேப்பை எடுத்துக் கடையின் நடைபாதையில் நீட்டி, தூணைப் பார்த்து, மூன்று தடவை அளந்தார்.

"முப்பது அடி. அதுக்குமேல எல்லாம் புகைதான்."

பொற்கலை மனசுக்குள் கணக்குப் போட்டாள். தட்டைக்கல்லுக்கும் அவள் நிற்கிற இடத்துக்கும் இருபத்தைந்து அடி. அப்படியென்றால் கரடு எங்கே வந்து நிற்கும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மணமக்களின் முதுகுக்கு ஐந்தடி பின்னால். தெரு குறுகியது, கரடு அகலமானது, காசியம்மாளின் வீடு கரடு வருகிற வழியில் முதலாவதாக இருக்கிறது.

"லென்சுக்குத் தூரம் எட்டலன்னு தூரமே எந்திரிச்சு வருது," என்றாள்.

"சின்னதுல?" என்று காசியம்மாள் கேட்டாள். "அந்தப் பவுடர் டப்பால?"

"அதுல ஆடுற கண்ணாடியே கிடையாதும்மா. லென்சு எம்புட்டு உள்ள வேணும்னாலும் உக்காரும். படுத்த எட்டு வரைக்கும் பாக்கும். ஆனா நான் வாயால சொல்றத நம்பாதீங்க. மொட்டை மாடிக்கு வாங்க, தூரத்துல எதையாச்சும் பாத்துட்டு வாங்கிக்கங்க."

மாடிக்கு ஏறினார்கள். பாய் பழக்கதோஷத்தில் பெரியதை வடகிழக்கே திருப்பினார். காசியம்மாள் அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"அய்யா, அங்கிட்டுப் பாக்காதீக! யானைமலை அங்கனதான இருக்கு. அது கெளம்பி வந்துச்சுன்னா மதுரை என்னத்துக்கு ஆகும்?"

அவர் சட்டென்று கையைத் தாழ்த்தினார். கோபுரத்தைப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பாலத்தில் போன ரயிலையும் வேண்டாம் என்றார்கள். வந்தாலும் பரவாயில்லாத ஒன்றைத் தேடி மூன்று பேரும் நாலு திசையும் பார்த்தார்கள். தெற்கே ஒரே ஒரு மேகம் நின்றது.

"வந்தா வரட்டும். மழதான," என்றாள் காசியம்மாள்.

பெரியதில் எடுத்தார்கள். மேகம் பஞ்சுக் குப்பையாக விழுந்தது. அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தலைக்கு மேல் வந்து நின்று, அந்த ஒரு மாடியில் மட்டும், கொடியில் காய்ந்த துணியெல்லாம் நனைய நனையப் பெய்துவிட்டுத் தீர்ந்தது. பாய் தாடியைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மேகத்துக்குக் காத்திருந்து, சின்னதில் லென்சைப் பூட்டி எடுத்தார்கள். அது ஓரம் ஓரமாக, சுருள் சுருளாக, அழித்து எழுத முடியாத மாதிரி விழுந்தது. இருந்த இடத்திலேயே இருந்தது. பெரியதை வைத்துக்கொண்டு சின்னதைக் கொடுத்தார் பாய். பெரியதை அன்றைக்கே பிரித்துப் போட்டுவிட்டதாகப் பிறகு சொன்னார்.

"ஒண்ணு சொல்றேன் தங்கச்சி. நடுவுல போட்ட இந்த வளையம் ஒரு மயிரிழை மெலிசு. லென்சு படுத்த எட்டுக்கு அங்கிட்டும் கொஞ்சம் திரும்பும். திருப்பிறாதீங்க."

ஊர் கூடியது. படங்களை இறக்கி எரித்துவிடலாம் என்று பஞ்சாயத்துத் தலைவர் தவசி சொன்னார். ஒரு வீட்டிலும் கொடுக்கவில்லை, அவர் வீட்டிலேயே கொடுக்கவில்லை. படத்தைக் கிழித்தால் கரடு எங்கே கிழியும் என்று யாருக்குத் தெரியும்? மறுபடி எடுப்பதுதான் வழி என்றாள் பொற்கலை. அதே ஜோடி, அதே கல், தூரத்தை அதன் இடத்திலேயே பார்க்கிற கேமரா.

பெண்கள் மறுபடியும் கூறைப்புடவை உடுத்தினார்கள். ஒருத்திக்கு வயிறு ஏழு மாதம், புடவை சுற்று எட்டவில்லை. ஒருத்தனுக்குத் தாலி கட்டிய நாளில் இருந்த மீசை இப்போது இல்லை. பரவாயில்லை என்று ஏற்றி நிறுத்தினோம். பொற்கலை வளையத்தைப் படுத்த எட்டில் கொண்டுபோய் நிறுத்தி, மூச்சைப் பிடித்து அழுத்தினாள். கரடு ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி பின்னால் போனது. தென்னைகளுக்கு நடுவில் வெளிச்சம் விழுந்தது. இரண்டாம் ஜோடி, மூன்றாம் ஜோடி என்று பத்து ஜோடியை எடுத்து முடித்தபோது கிணற்றில் குடம் இறங்கியது. கட்டில் இன்னும் வாசலில் நுழையவில்லை.

பதினோராவது ஜோடி நாகஜோதியும் பாண்டித்துரையும். கல்யாணமாகி இரண்டாம் மாதம் அவள் இடது கை மணிக்கட்டு ஒடிந்து, தானே பஸ் ஏறித் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்துகொண்டவள். கை எப்படி ஒடிந்தது என்று ஊர் கேட்கவில்லை, ஊருக்குத் தெரியும்.

பத்துப் படங்களின் பிடி விட்டதும் கரடு மிச்சமிருந்த நாகஜோதி படத்தின் இழுப்பில் திரும்பி வரத் தொடங்கியது. முன்னைவிட வேகமாக வந்தது. இப்போது கண்ணால் பார்த்தே சொல்ல முடிந்தது. காசியம்மாளின் வாசல் நிலையில் பொற்கலை காலையில் கையை வைத்தாள், நாலு சாண் இருந்தது. மதியம் மூன்று. நாகஜோதிக்குப் போன் போட்டார்கள், மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அப்போது ஒன்றரை. காசியம்மாளால் உள்ளே நுழைய முடியவில்லை. ஜன்னல் வழியாகக் குச்சியின் நுனியில் துணியை நனைத்து ஒச்சப்பனின் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

பாண்டித்துரை முன்னதாகவே வந்து கல்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, தலை சீவி, பவுடர் போட்டு.

"ஒரு நிமிசந்தான? வந்து நில்லு. ஒங்கப்பன் உசுருக்குத்தான சொல்றேன்."

ஒருமுறை கரட்டுக்கு முன்னால் சேர்ந்து நின்றால் அது கல்யாணம், மறுமுறை நின்றால் அந்தக் கல்யாணத்தை ஒத்துக்கொண்டது. வழக்கம் அதுதான். அதை அவனும் அறிவான், அவளும் அறிவாள். நின்றால் அவன் வீட்டுக்கு நடக்க வேண்டும், நிற்காவிட்டால் அப்பனை எடுக்க முடியாது. தவசி தொண்டையைச் செருமினார். "ஆத்தா, ஊருக்காக..." என்று தொடங்கி, அவளுடைய இடது மணிக்கட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அப்போது தோட்டத்திலிருந்து ஒச்சப்பனின் குரல் வந்தது. கரடு நெருங்கியதில் வீடும் தெருவுக்குப் பக்கத்தில் வந்திருந்ததால், அவர் பேசியது எங்கள் எல்லார் காதிலும் அடுத்த அறையில் பேசுகிற மாதிரி விழுந்தது.

"ஏத்தா பொற்கல... அவன் பக்கத்துல என் மகள நிப்பாட்டுன, செத்தும் ஒன்னயச் சும்மா விட மாட்டேன். கரடு வந்தா வரட்டும். நான் மரம் ஏறுனவன், மல ஏற மாட்டனா?"

மூச்சு விட இடம் இல்லாததால் ஒவ்வொரு சொல்லாகத்தான் சொன்னார். காசியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நாகஜோதி கல்லுக்குப் பக்கத்தில் போனாள்.

"எறங்கு," என்றாள்.

"என்னது?"

"கல்லை விட்டு எறங்கு."

அவன் எங்களைப் பார்த்தான். நாங்கள் தரையைப் பார்த்தோம். கடைசியில் அவன் இறங்கினான், ஏனென்றால் அவன் முதுகுக்குப் பின்னால் அப்போது கரட்டில் ஒரு பாறை அசைகிற சத்தம் கேட்டது. நாகஜோதி கம்பெனிக்குப் போட்டுப்போகிற சுடிதாரோடு கல்மேல் ஏறினாள். தனியாக யாரும் அந்தக் கல்லில் நின்றதில்லை. தனியாக நிற்கிறவர்களுக்குக் கரடு எதற்குச் சாட்சி என்று யாருக்கும் தெரியாது.

"எடு சித்தி," என்றாள். "நான் அவன விட்டுட்டேன். அதுக்கு அது சாட்சி சொல்லட்டும்."

பொற்கலை திருகிய வளையம் படுத்த எட்டுக்கு வந்து, அதையும் தாண்டி ஒரு மயிரிழை அங்கிட்டுத் திரும்பியது. அவள் கவனித்தாள். எப்போதும் இரண்டாம் தடவை சரிபார்க்கிறவள் அன்றைக்குத் திருத்தவில்லை. அழுத்தினாள்.

கரடு நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று எங்களில் ஒருவரும் மற்றவர் சொல்வதை ஒத்துக்கொள்வதில்லை. பிறகு ஆடுகள் கத்தின. தென்னைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின, கிணறு கண்ணைத் திறந்தது, வரப்புகள் வயல்களை விட்டன. காசியம்மாள் பிடித்திருந்த ஜன்னல் கம்பிகள் அவள் கைகளை இரண்டு பக்கமும் விரித்தன. நாலு பேர் உள்ளே ஓடிக் கட்டிலைத் தூக்கி வெளியே கொண்டுவந்து வேப்பமரத்தடியில் வைத்தார்கள். ஒச்சப்பனின் தோள் இரண்டிலும் சுவரின் சுண்ணாம்பு அப்பியிருந்தது. அவர் மகளைத் தேடவில்லை, மகளுக்குப் பக்கத்தில் வேறு யாராவது நிற்கிறார்களா என்றுதான் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் தண்ணீர் கேட்டார்.

கரடு பழைய இடத்தில் நிற்கவில்லை. கொஞ்சம் தாண்டிப் போய் நின்றது. இப்போது ஒன்றே முக்கால் மைல். நடுவில் கூடுதலாக விரிந்த நிலத்துக்குப் பட்டா யார் பேருக்கு என்று தாலுகா அலுவலகத்தில் இன்னும் முடிவாகவில்லை. மினிபஸ்ஸில் நிறுத்தங்கள் மறுபடி இரண்டானதோடு மூன்றாவதும் ஒன்று வந்தது. நாகஜோதியின் படத்தைக் காசியம்மாள் மாட்டியிருக்கிறாள். அதில் கரடு முதல் நாளிலிருந்தே தெளிவு. பழைய படம் பக்கத்திலேயே தொங்குகிறது, இறக்கவில்லை, அதில் கரட்டோடு சேர்ந்து மாப்பிள்ளையும் புகையாகிவிட்டான்.

விருந்தாளிகள் யாராவது மேற்கே பார்த்துப் போனைத் தூக்கினால் நாங்கள் பேச்சை நிறுத்திவிடுகிறோம். தட்டைக்கல்லில் இப்போது தனியாகவும் பெண்கள் வந்து நிற்கிறார்கள், வேறு ஊர்களிலிருந்துகூட வருகிறார்கள், பொற்கலை பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு வருகிறாள். காசியம்மாள் மட்டும் காலையில் எழுந்ததும் கோலமாவை எடுப்பதற்கு முன் வாசல் நிலையில் கையை விரித்துச் சாண் போடுகிறாள். ஐந்து சாண். மறுபடியும் ஒருமுறை போடுகிறாள். ஐந்துதான் என்று தெரிந்த பிறகுதான் உள்ளே திரும்பி, எழுந்திருங்க என்று புருஷனைக் கூப்பிடுகிறாள்.